வாரியம் ஏறும் சொற்கள்

நுழையும்முன்

ஆங்கிலத்தின் எட்டுச் சொல்வகைகளைக் கீழ்வகுப்பிலிருந்தே வரிசை பிறழாமல் ஒப்பித்து வருகிறோம். ஆனால், வினாத்தாளில் ஒரு சொல்லை அடிக்கோடிட்டு, ‘இஃது எவ்வகை?’ என்று கேட்டால் எழுதுகோல் தயங்குகிறது. அத்தயக்கத்திற்குக் காரணம் ஆங்கில அறிவின் குறைவு மட்டுமன்று. சொல்லை எங்கே வைத்துப் பார்க்க வேண்டும் என்பதை அறியாமையும் ஆகும். தமிழ்வகுப்பில் நாம் கற்ற பெயர், வினை, முற்று, எச்சம், வேற்றுமை ஆகியவை இங்கு எவ்வாறு துணைநிற்கின்றன என்பதைக் காண்போம்.

ஓலையும் பணியும்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் வைகுந்தப் பெருமாள் கோயில் உள்ளது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட ஊராட்சிக் கல்வெட்டுகள் அதன் சுவரில் உள்ளன. குடவோலை முறையைப் பற்றிப் படித்த எவரும் இவ்வூரின் பெயரை அறிவர். ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். குடும்புக்கு ஒருவராகத் தேர்வான முப்பதின்மரில் பன்னிருவர் சம்வத்சர வாரியத்திலும், பன்னிருவர் தோட்ட வாரியத்திலும், அறுவர் ஏரி வாரியத்திலும் அமர்ந்தனர்.

இக்கல்வெட்டில் நம் பாடத்திற்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. முன்னர்த் தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்து தேர்ந்தவர்களும் கல்வியாலும் வயதாலும் முதிர்ந்தவர்களுமே சம்வத்சர வாரியத்திற்கு உரியவர்கள். அப்படியாயின், ஒருகாலத்தில் ஏரிக் கரையைப் பார்வையிட்டவர் பின்னொரு காலத்தில் ஆட்டை வாரியத்தில் அமர்ந்திருப்பார். ஆள் ஒருவரே; வாரியம் வேறு. ‘இவர் எந்த வாரியத்தார்?’ என்று பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் விடை கிடைக்காது. எந்த ஆண்டில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஆங்கிலச் சொற்களும் இத்தகையனவே. உத்திரமேரூர்ப் பேருந்து நிலையத்தில் நின்று ‘போர்டு’ என்னும் ஒரு சொல்லை மட்டும் கவனியுங்கள். பேருந்தின் நெற்றியில் ஊர்ப்பெயர் எழுதிய பலகை போர்டு. வகுப்பறையில் எழுதும் பலகையும் போர்டுதான். மின்சாரக் கட்டணம் செலுத்தும் அலுவலகத்தை ஊரார் இன்றும் ‘போர்டு ஆபீஸ்’ என்பர். அங்கே போர்டு என்பதன் தமிழ் வாரியம். சோழர்காலக் கல்வெட்டுச் சொல் மின்வாரியத்தின் பெயர்ப்பலகையில் இன்றும் உயிரோடிருப்பது வியப்பன்றோ? இதுவரை எல்லாமே பெயர்ச்சொல். ‘வீ போர்டு த பஸ்’ என்று சொன்ன உடனே அதே போர்டு வினையாகிவிடுகிறது. பேருந்தில் ஏறுதல் என்பது பொருள். எழுத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆகவே, ‘போர்டு எவ்வகைச் சொல்?’ என்பது விடையில்லாத வினா. ‘இத்தொடரில் போர்டு என்ன பணி செய்கிறது?’ என்பதே சரியான வினா.

மாணவர் பலர் சொற்களை அகராதிப் பட்டியலாக மனப்பாடம் செய்கின்றனர்: இது பெயர், இது வினை, இது பெயரடை என்று. தொடரைப் பாராமல் வகையைக் குறிப்பது, ஏட்டில் உள்ளது இன்னதென்று அறியாத சிறுவன் குடத்துள் கைவிடுவதைப் போன்றது. வாரியத்திற்கு ஆள் எடுக்க அம்முறை நேர்மையானது; தேர்வுத்தாளில் அதற்கு மதிப்பெண் இல்லை.

எட்டு என்னும் எண்

சொல்வகை எட்டு என்பது இயற்கை வகுத்த கணக்கன்று. கிரேக்க இலக்கண மரபில், திராக்ஸ் தியோனீசியசு என்பவர் பெயரால் வழங்கும் பழைய நூல் எட்டு வகைகளைக் கூறுகிறது. அதில் பெயரடைக்குத் தனியிடம் இல்லை. அது பெயருக்குள்ளேயே அடங்கியது. வினையெச்சம், பெயரெச்சம் போன்று பெயர்த்தன்மையும் வினைத்தன்மையும் கலந்த சொற்கள் தனிவகையாக இருந்தன. ‘ஆர்ட்டிக்கிள்’ எனப்படும் சுட்டிடைச்சொல்லும் இருந்தது. இலத்தீன் மொழிக்கு ஆர்ட்டிக்கிள் இல்லை. ஆயினும் உரோமானியர் எண்ணிக்கையைக் குறைக்க மனமின்றி, வியப்பிடைச்சொல்லைத் தனியே எடுத்து எட்டை நிறைத்தனர்! இலக்கண ஆசிரியர்க்கும் எண்களின்மேல் பற்று இருந்திருக்கிறது.

அந்த இலத்தீன் சட்டையையே பின்னர் ஆங்கிலத்திற்கும் அளவெடுக்காமல் போர்த்தினர். 1795ஆம் ஆண்டு வெளிவந்து நெடுங்காலம் பள்ளிகளில் வழங்கிய இலிண்ட்லி மரேயின் ஆங்கில இலக்கணம் ஒன்பது வகை கூறியது. 1952இல் அமெரிக்க மொழியியலறிஞர் சார்லசு ஃபிரீசு, மக்கள் தொலைபேசியில் பேசிய பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்து, பழைய பட்டியலையே கைவிட்டார். நான்கு பெருவகைகளும், அவற்றை இணைக்கும் சிறுசொற்களின் பதினைந்து தொகுதிகளும் என அவர் பகுத்தார். சொல்லின் பொருளைக் கேட்டு அவர் வகைப்படுத்தவில்லை. தொடரில் அது நிற்கும் இடத்தைக் கொண்டே வகைப்படுத்தினார்.

தொல்காப்பியர் பெயர், வினை ஆகிய இரண்டையும் முதன்மையாக வைத்து, இடைச்சொல்லையும் உரிச்சொல்லையும் அவற்றைச் சார்ந்து தோன்றுவனவாகக் கூறியதை இங்கு நினைக்கலாம். இடைச்சொல் தனித்து இயங்கும் இயல்புடையதன்று. பெயரோடும் வினையோடும் கூடியே நடைபெறும் என்பது அவர் கருத்து. ஆங்கிலத்தின் ‘ஆஃப்’, ‘டு’, ‘அண்ட்’ போன்ற சிறுசொற்களுக்கும் இக்கருத்து பெரிதும் பொருந்துகிறது. இதனால் தமிழும் ஆங்கிலமும் ஒன்று என்றாகிவிடாது. ஆனால், பெயரையும் வினையையும் முதலில் கண்டுபிடி, எஞ்சியவற்றை அவற்றைச் சார்த்திக் காண் என்னும் வழி இரண்டிற்கும் பொது.

பொருளற்ற தொடரின் பாடம்

‘பிளுக்கன் நேற்று ஒரு நெரட்டைத் துமுக்கினான்.’ இத்தொடரில் மூன்று சொற்களுக்குப் பொருளே இல்லை; இப்பாடத்திற்கெனப் புனைந்தவை. எனினும் துமுக்கினான் என்பது வினை என்பதில் எவர்க்கும் ஐயம் இல்லை. இன் என்னும் இடைநிலை இறந்தகாலத்தையும், ஆன் என்னும் விகுதி ஆண்பாலையும் காட்டிவிட்டன. ஐ உருபை ஏற்றதால் நெரட்டு பெயர்ச்சொல். அது செயப்படுபொருளும் கூட. பொருள் அறியுமுன்னரே வகை அறிந்துவிட்டோம். சொல்வகை என்பது பொருளைச் சார்ந்ததன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

தமிழில் இவ்வேலையை உருபும் விகுதியும் செய்கின்றன. ஆங்கிலத்தில் விகுதிகள் மிகச் சில, அவையும் ஏமாற்றும். ‘ஸ்’ என்னும் ஒலி பெயருக்குப் பின் வந்தால் பன்மை. வினைக்குப் பின் வந்தால் படர்க்கை ஒருமை நிகழ்காலம். ‘ஷி வாட்டர்ஸ் த பிளாண்ட்ஸ்’ என்னும் தொடரில் இரண்டு ‘ஸ்’ உள்ளன. முன்னது வினை, பின்னது பெயர். ‘த பிளாண்ட்ஸ் நீட் வாட்டர்’ என்று மாற்றினால், சற்றுமுன் வினையாக இருந்த வாட்டர் இப்போது பெயர். எதைக் கொண்டு அறிந்தோம்? இடத்தைக் கொண்டு. எழுவாய்க்கு அடுத்த இடம் பெரும்பாலும் வினைக்குரியது. ‘த’, ‘எ’, ‘மை’, ‘திஸ்’ போன்ற சொற்களுக்குப் பின்னால் உடனேயோ ஓரிரு அடைமொழிகளைத் தாண்டியோ ஒரு பெயர் வந்தே தீரும். தமிழில் உருபு செய்வதை ஆங்கிலத்தில் சொல்லின் இருக்கை செய்கிறது. தமிழில் சொற்களை இடம்மாற்றி வைத்தாலும் பொருள் பெரும்பாலும் மாறாமைக்கும், ஆங்கிலத்தில் மாற்றினால் பொருள் குலைந்துபோவதற்கும் காரணம் இதுவே.

தமிழிலும் உருபோ விகுதியோ ஏலாத நிலையில் ஒரே வடிவம் இரு வகையாகும் சொற்கள் உண்டு. ‘கோயிற் படியில் அமர்ந்து பாடம் படி’ என்றால் முதற்படி பெயர், இறுதிப்படி ஏவல் வினை. கல், ஆடு, விளக்கு, மலர், அடி என இப்பட்டியல் நீளும். இவற்றில் நமக்குக் குழப்பம் வருவதில்லை. தொடரை முழுமையாகக் கேட்டபின்னரே வகையை உணர்கிறோம். அதே பொறுமையை ஆங்கிலத்திற்கும் கொடுக்க வேண்டும். பேச்சு ஆங்கிலத்தில் இன்னொரு துணையும் உண்டு. ‘ரெக்கார்ட்’, ‘பிரசன்ட்’ போன்ற சொற்களில் முதலசையை அழுத்திச் சொன்னால் பெயர். இரண்டாம் அசையை அழுத்தினால் வினை.

முற்றைத் தேடுதல்

நீண்ட ஆங்கிலத் தொடர் ஒன்றைக் கண்டு அஞ்சும்போது செய்யவேண்டிய முதல் வேலை, அதன் வினைமுற்றைக் கண்டுபிடிப்பது. தமிழில் முற்று தொடரின் இறுதியில் நிற்பதால் நம் கண் இயல்பாகவே இறுதிக்கு ஓடுகிறது; ஆங்கிலத்திலோ அது எழுவாயை அடுத்து நடுவில் நிற்கும். இடத்தை மாற்றித் தேடப் பழகினால் போதும். முற்றுக்கும் எச்சத்திற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் மாணவர் நன்கு அறிவர். ‘ஓடி’, ‘ஓடிய’, ‘ஓட’ ஆகியவற்றால் தொடர் முடியாது. ‘ஓடினான்’ என்றால் முடியும். அவ்வாறே ‘ரன்னிங்’, ‘டு ரன்’ ஆகியவை மட்டும் நின்றால் ஆங்கிலத் தொடர் முடிவதில்லை. ‘இங்’ ஈற்றைக் கண்டவுடன் ‘இதுவே வினை’ என்று குறிப்பிடும் மாணவர், ‘சுவிம்மிங் ஈஸ் குட் எக்சர்சைஸ்’ என்னும் தொடரில் தவறுவர். அங்கே சுவிம்மிங் என்பது நீந்துதல் என்னும் தொழிற்பெயர், வினை ‘ஈஸ்’.

இந்த ‘ஈஸ்’ தமிழ்வழி மாணவர்க்கு ஒரு தனிச்சிக்கல். ‘என் தந்தை உழவர்’ என்பது தமிழில் நிறைவான தொடர்; உழவர் என்னும் பெயரே பயனிலையாக நிற்கிறது. பெயர்ப்பயனிலை நம் மொழியின் அழகுகளுள் ஒன்று. அதே நினைவில் ‘மை ஃபாதர் ஃபார்மர்’ என்று எழுதும்போது ஆங்கிலத் தொடர் வினையின்றி முறிந்துபோகிறது. கல்லூரி விண்ணப்பங்களிலும் நேர்காணல்களிலும் நம் மாணவர் மிகுதியாகச் செய்யும் பிழை இது. இதனை அறிவுக்குறை என்று எண்ணி நாணுவோர் உளர், நாணத் தேவையில்லை. ஒரு மொழியின் சரியான விதியை மற்றொரு மொழியில் வைத்ததால் நேர்ந்த பிழை அது. எழுதிய ஒவ்வோர் ஆங்கிலத் தொடரிலும் ‘முற்று எங்கே?’ என்று ஒருமுறை தேடிப்பார்க்கும் பழக்கம் இப்பிழையை நீக்கிவிடும்.

அடைமொழிகள்

பெயரைச் சிறப்பிப்பது பெயரடை, வினையைச் சிறப்பிப்பது வினையடை. தமிழில் ‘ஆன’, ‘ஆக’ என்னும் ஈறுகள் இவற்றைப் பிரித்துக்காட்டுகின்றன: அழகான கோலம், அழகாக வரைந்தாள். ஆங்கிலத்தில் வினையடைக்கு ‘லி’ ஈறு வரும் என்று கற்கிறோம். ஆனால், ‘ஃபிரெண்ட்லி’ லி ஈறு பெற்ற பெயரடை. ‘ஃபாஸ்ட்’ ஈறின்றியே பெயரடையாகவும் வினையடையாகவும் வரும்.

இதனினும் நுட்பமான இடறல் ஒன்றுண்டு. ‘அவள் மகிழ்ச்சியாக இருக்கிறாள்’ என்னும் தொடரில் ‘ஆக’ இருப்பதைக் கண்டு ‘ஷி ஈஸ் ஹேப்பிலி’ என்று எழுதுவோர் பலர். ஆங்கிலத்தில் அங்கே மகிழ்ச்சி சிறப்பிப்பது ‘இருத்தல்’ என்னும் வினையையன்று. ‘அவள்’ என்னும் எழுவாயை. ஆதலின் ‘ஹேப்பி’ என்னும் பெயரடையே வரும். நம் ‘ஆக’ ஈற்றை எங்கும் ‘லி’ ஆக்கிவிட முடியாது.

சொல்லாட்சி பற்றியும் ஓர் எச்சரிக்கை. பழைய பாடநூல்கள் சில இவ்விரண்டையும் பெயருரிச்சொல், வினையுரிச்சொல் என்று வழங்கின. அதனால் தொல்காப்பியத்தின் உரிச்சொல்லே ஆங்கிலப் பெயரடை என்று எண்ணிவிடக் கூடாது. சால, உறு, தவ, நனி என வரும் உரிச்சொல் வேறொரு பாகுபாட்டைச் சேர்ந்தது. ‘நல்ல’, ‘பெரிய’ போன்றவற்றை நம் இலக்கணம் குறிப்புப் பெயரெச்சம் என்கிறது. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இதனை எடுத்துப் பேசுகிறார். அவருக்கு முன்னரே, 1716இல் ஆலே நகரில் அச்சான சீகன்பால்குவின் தமிழிலக்கணமும், 1738இல் தரங்கம்பாடியில் அச்சான வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணமும் இலத்தீன் மொழியில் தமிழை விளக்க முனைந்தன. தம் மொழியின் பெட்டிகளில் நம் சொற்களை அடுக்க அவர்கள் பட்ட பாட்டையே, எதிர்த்திசையில் இன்று நாம் படுகிறோம்.

முன்னும் பின்னும்

வேற்றுமையுருபு பெயருக்குப் பின் ஒட்டும். ஆங்கிலத்தின் ‘பிரிபொசிஷன்’ பெயருக்கு முன் தனிச்சொல்லாக நிற்கும். ஏரியில், காலையில், ஐந்து மணியளவில் என நாம் இல் உருபால் முடித்துவிடுகிற இடங்களில் ஆங்கிலம் ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’ என்று மூன்றாகப் பிரிக்கும். இது விதியால் மட்டும் வராது. படித்துப் படித்துப் பழக வேண்டியது. ஆர்ட்டிக்கிளும் அவ்வாறே. எனினும் அதற்கொரு நிழல் தமிழில் உண்டு. ‘புத்தகம் வாங்கினேன்’ என்றால் ஏதோ ஒன்று. ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்றால் பேசுவோரும் கேட்போரும் முன்பே அறிந்த ஒன்று. உருபு தொகுவதும் விரிவதும் இங்கே ‘எ’, ‘த’ ஆகியவற்றின் வேலையில் ஒருபங்கைச் செய்கின்றன.

மாணவரை மிகவும் குழப்புவது, ஒரே சொல் பிரிபொசிஷனாகவும் இணைப்புச்சொல்லாகவும் வருவது. ‘ஆஃப்டர் த ரெய்ன்’ என்பதில் ஆஃப்டர் பிரிபொசிஷன். ‘ஆஃப்டர் த ரெய்ன் ஸ்டாப்டு’ என்பதில் அது இணைப்புச்சொல். தமிழாக்கிப் பார்த்தால் மயக்கம் தெளியும். முன்னது ‘மழைக்குப் பின்’. பின்னது ‘மழை நின்ற பின்’. முதலில் பின் என்பதற்கு முன்னே நான்காம் வேற்றுமை ஏற்ற பெயர் உள்ளது. இரண்டாவதில் ‘நின்ற’ என்னும் பெயரெச்சம் உள்ளது. அஃதாவது ஒரு வினை அங்கே மறைந்திருக்கிறது. ஆங்கிலத்திலும் சோதனை இதுவே: அச்சொல்லுக்குப் பின் வெறும் பெயர் மட்டும் நிற்கிறதா, தனக்கென வினைமுற்றுடைய தொடர் நிற்கிறதா?

ஒரு தொடரை முழுதும் பகுத்துப் பார்ப்போம். ‘த ஓல்டு போர்டு ரிப்பேர்டு த பண்ட் பிஃபோர் த ரெய்ன்ஸ்.’ பண்ட் என்பது ஏரிக்கரை. முற்றைத் தேடினால் ரிப்பேர்டு அகப்படுகிறது. ‘டு’ என்னும் இறந்தகால ஈறு அதனைக் காட்டுகிறது. போர்டு என்பதும் அதே ஒலியில் முடிகிறதே எனில், அதற்குமுன் ‘த’ இருக்கிறது. ‘த’ காத்திருப்பது ஒரு பெயருக்காக. இடையிலுள்ள ஓல்டு அப்பெயரைச் சிறப்பிக்கும் பெயரடை. ரிப்பேர்டு என்பதன் செயப்படுபொருள் பண்ட். பிஃபோர் என்பதை அடுத்து ரெய்ன்ஸ் என்னும் பெயர் மட்டுமே உள்ளது. எனவே அது பிரிபொசிஷன். ‘பழைய வாரியம் மழைக்கு முன் கரையைச் செப்பனிட்டது.’ இனி ‘கேம்’ என்னும் ஒரு சொல்லை இறுதியில் சேர்த்துப் பாருங்கள். ‘மழை வருமுன்’ என்றாகிவிடும். எழுத்தொன்றும் மாறாமலே பிஃபோர் தன் வாரியத்தை மாற்றிக்கொண்டிருக்கும்.

கற்பவை கற்றபின்...

உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்திலும் கடைத்தெருவிலும் உள்ள ஆங்கிலப் பெயர்ப்பலகைகளிலிருந்து, பெயராகவும் வினையாகவும் வரக்கூடிய சொற்களைத் தொகுத்து, ஒவ்வொன்றையும் இருவேறு தொடர்களில் அமைத்துக் காட்டுக.

பொருளற்ற சொற்களைக் கொண்டு தமிழில் ஒரு தொடரும் ஆங்கிலத்தில் ஒரு தொடரும் புனைந்து, அவற்றின் சொல்வகைகளை உம் நண்பரைக் கண்டறியச் செய்க. எம்மொழித் தொடரில் அவர் விரைந்து கண்டறிந்தார்? ஏன்?

நீங்கள் அண்மையில் எழுதிய ஆங்கிலக் கடிதம் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு தொடரிலும் வினைமுற்றை அடிக்கோடிடுக. வினைமுற்று இல்லாத தொடர் காணப்படின், அதன் தமிழ் வடிவம் பெயர்ப்பயனிலை கொண்டதா என ஆராய்க.